"அப்பா என்ன பண்றாரு?"

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்தில் இந்தக் கேள்வி வந்துவிடும். ஹாஸ்டல் அறையில் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவதற்குள் வந்துவிடும். கேட்பவர்கள் எல்லோரும் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. ஆனால் பதிலைக் கேட்டதும் நம்மை எங்கே உட்கார வைப்பது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அது நமக்கும் தெரியும்.

நாங்கள் ஐந்து பேர். மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டிய ஒரே காலனியில் பிறந்தவர்கள். ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனோம், பிறகு ஐந்து ஊர்களில் படிக்கப் போனோம். அந்தக் கேள்விக்கு ஐந்து பேரும் ஐந்து பதில் சொன்னோம். ஒருத்தி "சால்ட் பிசினஸ்" என்றாள். ஒருவன் "விவசாயம்" என்றான். இன்னொருவன் "ஃபாரின்ல இருக்காரு" என்றான்; அவன் அதைச் சொன்ன நேரத்தில் அவன் அப்பா முழங்கால் வரை சட்டையில்லாத காலோடு பாத்தியில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். நாலாவது ஆள் "கவர்ன்மென்ட் வேலை" என்றான். எங்களில் நர்சிங் படித்தவள்தான் எல்லோரையும் மிஞ்சியவள். "அப்பா இறந்துட்டாரு" என்று சொல்லிவிட்டாள். அப்படிச் சொன்னால் அதற்குமேல் யாரும் கேட்க மாட்டார்கள் என்பது அவளுடைய கணக்கு.

இந்த ஐந்து பொய்யும் எங்களுக்குள்ளேயே பல வருடம் தெரியாது. ஒரே தெருவில் வளர்ந்த நாங்கள், ஊருக்கு வரும்போதெல்லாம் சினிமா பேசினோம், கிரிக்கெட் பேசினோம், கட்சி பேசினோம், அம்பேத்கர் பெரியார் மார்க்ஸ் என்று விடிய விடிய விவாதம் செய்தோம். வீட்டைப் பற்றி மட்டும் பேசவில்லை. இந்தக் கட்டுரை நாங்கள் பேச ஆரம்பித்த கதை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தது. விழுப்புரம் மாவட்டம் முழுக்க வெள்ளம். மரக்காணத்தில் உப்பளம் எது, கழிமுகம் எது என்று பிரித்துப் பார்க்க முடியாத அளவுக்கு எல்லாம் ஒரே தண்ணீர். நாங்கள் ஒவ்வொருவராக ஊர் வந்து சேர்ந்தோம். தண்ணீர் வடிந்த பிறகு ஒரு சாயங்காலம், எங்களில் ஒருவனுடைய ஆயா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். கரண்ட் இன்னும் வரவில்லை. செல்போனில் சார்ஜ் இல்லை. பேசுவதைத் தவிர வேறு வேலை இல்லை.

ஆயா காலை நீட்டி உட்கார்ந்து, வெடித்த பாதத்தில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தது. ஐம்பது வருடத்துக்கு மேல் உப்பில் நின்ற கால் அது. பாத்தி மிதித்த கால். உப்புப் பாத்தியின் தரை மண் இறுகினால்தான் தண்ணீர் உள்ளே இறங்காது, உப்பில் சேறும் கலக்காது. அதற்காக ஒவ்வொரு வருடமும் மழை முடிந்ததும் பாத்தியைச் சுத்தம் செய்து, காலால் மிதித்து மிதித்துத் தரையை இறுக்குவார்கள். அதன் பிறகுதான் தண்ணீர் கட்டுவது. கழிமுகத்துத் தண்ணீரும் நிலத்தடி உப்புத் தண்ணீரும் பாத்திக்குப் பாத்தி மாறி வெயிலில் வற்றி வரவேண்டும். கடல் தண்ணீரை எடுத்துக்கொண்டால் ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்புதான். மூன்று பாகையில் இருக்கிற தண்ணீர் இருபத்தைந்து பாகைக்கு ஏறினால்தான் உப்பு படியும். அதற்குமேல் விட்டால் கசப்பு ஏறிவிடும். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பாகைமானி இல்லாமல், தண்ணீரின் நிறத்தைப் பார்த்தும் விரலில் தொட்டு நாக்கில் வைத்தும் இதைச் சொல்வார்கள். இதை நாங்கள் வேதியியல் புத்தகத்தில் படித்து மார்க் வாங்கினோம். வீட்டில் இருப்பவர்களிடம் ஒரு நாளும் கேட்கவில்லை.

எங்களில் ஒருத்தி, ஆயாவின் காலைப் பார்த்துவிட்டு, தான் படித்த ஒன்றைச் சொன்னாள். குஜராத்தில் கட்ச் பக்கம் சிறிய ரண் என்று ஒரு உப்புப் பாலை இருக்கிறது. அங்கே உப்பு விளைவிக்கும் அகரியா மக்கள் செத்தால் உடம்பு எரிந்துவிடும், உப்பு ஊறிய பாதம் மட்டும் எளிதில் எரியாது என்று சொல்வார்கள்.

ஆயா எண்ணெய் தடவுவதை நிறுத்தவில்லை. "எரியறது எரியாதது அப்புறம் கீட்டும்மா. மொதல்ல சுடுகாட்டுக்குப் போறதுக்கு வழி வேணுமே" என்றது.

நாங்கள் சிரித்தோம். ஆயா சிரிக்கவில்லை. அப்புறம்தான் தாத்தாவின் சாவைச் சொல்ல ஆரம்பித்தது. தாத்தா செத்ததும் ஒரு மழைக்காலத்தில். ஊர்த்தெரு வழியாகப் பிணம் போகக்கூடாது. எங்களுக்கென்று இருந்த பாதையில் இடுப்பளவு தண்ணீர். நாலு பேர் பாடையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, உப்பள வரப்பைக் காலால் தடவித் தடவி நடந்திருக்கிறார்கள். ஒரு இடத்தில் வரப்பு உடைந்து ஒருவர் உள்ளே போய்விட்டார். பாடை சாய்ந்தது. "உங்க தாத்தா கடைசியா ஒரு வாட்டி பாத்தியில எறங்கிட்டுத்தான் போனாரு" என்றது ஆயா. அந்தத் தண்ணீரில் விழுந்து எழுந்து பாடையை மறுபடி தோள் கொடுத்துத் தூக்கியவர் எங்களில் "கவர்ன்மென்ட் வேலை" சொன்னவனுடைய அப்பா. அவனுக்கே அது அன்றைக்குத்தான் தெரியும்.

அந்த இரவு முழுக்க ஆயா பேசியது. ஆயாவின் அப்பா உப்புப் படகு இழுத்தவர். மரக்காணத்தில்தான் பக்கிங்காம் கால்வாய் தெற்கே முடிகிறது. 1877-78 பஞ்சத்தில் பசியோடு வந்த கூலிகளை வைத்துத்தான் வெள்ளைக்காரன் சென்னைக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இந்தக் கால்வாயால் இணைத்தான்; அதன் பிறகு கவர்னர் பக்கிங்காம் பெயரையும் வைத்தான். எங்கள் உப்பும் விறகும் அந்த வழியாகத்தான் சென்னை போயின. காற்று இல்லாதபோது ஆள்கள் கரையில் நடந்து கயிற்றால் படகை இழுத்துக்கொண்டு போவார்கள். "எங்கப்பன் தோள்ல ரெண்டு தழும்பு இருந்துச்சு. எங்கம்மா அதத் தொட்டுப் பாத்து, இது மெட்ராஸ் போற வழி, இது திரும்பி வர்ற வழின்னு சொல்லும்" என்றது ஆயா.

ஆயாவின் அம்மா ராத்திரியில் உப்பு மண் வழித்தவர். சென்னை மாகாணத்தில் 1805-லேயே கும்பினி உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. தரையில் தானாகப் பூத்த உப்பை ஒரு கைப்பிடி வழித்தாலும் குற்றம். உப்பு விளைவித்தவர்கள் வீட்டிலேயே கஞ்சிக்கு உப்பு இல்லாத நாட்கள் இருந்திருக்கின்றன. பிடிபட்ட அன்று மடியில் இருந்த மண்ணைச் சிப்பாய் தண்ணீரில் கொட்டச் சொன்னான் என்பதுதான் அந்தக் குடும்பத்தில் அம்மாவிடமிருந்து மகளுக்கு வந்த கதை. உப்பு வரி 1947-ல் ஒழிந்தது.

1930-ல் காந்தி தண்டிக்கும் ராஜாஜி வேதாரண்யத்துக்கும் நடந்ததைப் பாடப்புத்தகத்தில் படித்தோம். தேர்வில் எழுதினோம். ராத்திரியில் மடியில் உப்பு மண் கட்டிக்கொண்டு வந்த பெண்ணின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. தண்டிக்கு மூன்று வருடம் முன்பு, 1927 மார்ச் 20 அன்று, மகத்தில் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு போய்ச் சவுதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். உப்புக்கு வரி போட்டவன் வெள்ளைக்காரன். தண்ணீரைத் தடுத்தவன் பக்கத்துத் தெருக்காரன். எங்கள் பாட்டிகளுக்கு இரண்டு பேரோடும் வழக்கு இருந்தது. ஒரு வழக்கு மட்டும்தான் பாடத்தில் வந்தது.

ஆயா தூங்கப் போன பிறகு நாங்கள் எழுந்திருக்கவில்லை. யார் முதலில் ஆரம்பித்தது என்று நினைவில்லை. "எங்கப்பா மூணு வருஷமா அட்வான்ஸ் கட்டிக்கினு கீறாருடா" என்று ஒருவன் சொன்னான். தலையைக் குனிந்துகொண்டு சொன்னான், அது தன் அப்பாவின் தனிப்பட்ட குற்றம் என்பதுபோல. அப்பா குடிப்பார், அதனால்தான் கடன் தீரவில்லை என்பது அவன் வீட்டில் சொல்லப்பட்ட காரணம். உடனே அடுத்தவள் தன் வீட்டுக் கடனைச் சொன்னாள். அவள் வீட்டில் காரணம் அக்காவின் கல்யாணம். இன்னொரு வீட்டில் அம்மாவின் ஆபரேஷன். இன்னொரு வீட்டில் எங்கள் படிப்பு.

காரணங்கள் ஐந்து. ஆனால் கடன் ஒன்றுதான். உப்பு வேலை வருடம் முழுக்க இல்லை. தை மாதத்தில் பாத்தி வேலை தொடங்கி, கோடை முழுக்க வாரி, வடகிழக்குப் பருவமழை வந்தால் எல்லாம் நின்றுவிடும். மழை மாதங்களில் அடுப்பு எரிய முன்பணம் வாங்குவார்கள். வாங்கிய இடத்தில்தான் அடுத்த சீசன் வேலை செய்ய வேண்டும். அங்கே கூலி குறைவென்றாலும் வேறு பாத்திக்குப் போக முடியாது. சீசன் முடியும்போது கணக்குப் பார்த்தால் கடனில் பாதி நிற்கும். அதற்குள் அடுத்த மழை வந்துவிடும். ஐந்து குடும்பமும் இருபது, முப்பது வருடமாக இந்தச் செக்கைச் சுற்றிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு குடும்பமும் இதைத் தன் தலையெழுத்து, தன் வீட்டு ஆம்பளையின் பொறுப்பின்மை என்று மூடி வைத்திருந்தது.

எங்களில் சட்டம் படித்தவன் அப்போதுதான் வாயைத் திறந்தான். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்தது. முன்பணம் வாங்கியதற்காகக் குறைந்த கூலிக்கு உழைக்க வேண்டும், வேறு இடத்துக்குப் போகக்கூடாது என்றால் அந்தச் சட்டத்தில் அதற்குப் பெயர் உண்டு. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவதே அரசியல் சட்டத்தின் 23-ஆவது பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பு என்று 1982-ல் ஏசியாட் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இதையெல்லாம் அவன் தேர்வுக்கு மனப்பாடம் செய்து எழுதியவன். "எங்க நைனாவுக்கும் இது பொருந்தும்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தோணவே இல்லடா" என்றான். அவன் குரல் உடைந்தது. "ஃபாரின்ல இருக்காரு" என்று சொன்னவன் அவன்தான்.

தோழர்களே, இந்த இடத்தைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று இந்தக் கட்டுரையை எழுதுகிறோம். நாம் படிக்கிறோம், கூட்டம் போடுகிறோம், முழக்கம் எழுதுகிறோம். ஆனால் நம் வீட்டு விஷயத்தை நண்பர்களிடம் சொல்வதைப் புலம்பல் என்று நினைக்கிறோம். அரசியல் வேறு, வீட்டுக் கதை வேறு என்று பிரித்து வைத்திருக்கிறோம். ஐந்து பேர் தனித்தனியாக வைத்திருக்கும்வரை அது ஐந்து அவமானம். ஒரே திண்ணையில் வைத்துப் பார்த்தால் அது ஒரு வழக்கு.

இது புதிய வழியும் இல்லை. மரக்காணத்திலிருந்து வடக்கே மதுராந்தகம் பக்கத்தில் கோழியாளம் என்று ஒரு ஊர். அங்கே பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் ஒரு பத்திரிகை தொடங்கி அதற்குப் 'பறையன்' என்று பெயர் வைத்தார். தன் இனத்தின் பெயரைச் சொல்ல அஞ்சி ஒளிகிறவன் தன் உரிமையைக் கேட்க முடியாது என்பது அவர் நிலை. லண்டன் வட்டமேசை மாநாடு வரை போய்வந்த அவர், 1939-ல் தன் வாழ்க்கையை 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்று சிறு நூலாக எழுதி வெளியிட்டார். அம்பேத்கரும் தன் கதையைச் சொன்னார். சிறுவனாக அண்ணனோடு அப்பாவைப் பார்க்க ரயிலில் போய் இறங்கியபோது, சாதி தெரிந்ததும் எந்த வண்டிக்காரனும் ஏற்றவில்லை. இரண்டு மடங்கு கூலி தந்து, வண்டியைப் பிள்ளைகளே ஓட்டிக்கொண்டு, கையில் சாப்பாடு இருந்தும் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் ராத்திரியைக் கழித்ததை எழுதி வைத்திருக்கிறார். அவ்வளவு சட்டமும் பொருளாதாரமும் படித்தவர், தீண்டாமை என்றால் என்ன என்று வெளியாட்களுக்குப் புரியவைக்க நினைத்தபோது எடுத்துக்கொண்டது தன் சின்ன வயதுத் தாகத்தை. 1992-ல் பாமாவின் 'கருக்கு' வந்தபோது, இதெல்லாம் இலக்கியமா என்று கேட்டவர்கள் உண்டு. இன்றைக்கு அது பல்கலைக்கழகங்களில் பாடம்.

நாங்கள் புத்தகம் எழுதவில்லை. ஒரு நோட்டு வாங்கினோம். நாற்பது ரூபாய் லாங் சைஸ் நோட்டு. அடுத்த சில வாரங்கள், ஊருக்கு வந்தபோதெல்லாம் எங்கள் ஐந்து வீட்டிலும் பக்கத்து வீடுகளிலும் உட்கார்ந்து கேட்டோம். எந்த வயதில் பாத்தியில் இறங்கினீர்கள்? யாருடைய பாத்தி? கூட யார் வேலை செய்தார்கள்? அப்போது கூலி என்ன? வருடம் சொல்ல அவர்களுக்குத் தெரியாது. "சுனாமிக்கு மொத வருஷம்", "தானே புயல் அடிச்சப்ப பெரியவன் கைப்புள்ள" என்பார்கள். நாங்கள் பக்கத்தில் 2003 என்றும் 2011 என்றும் எழுதிக்கொண்டோம்.

அந்த நோட்டுக்கு எதிர்பாராத ஒரு வேலை வந்தது. மழை மாதங்களில் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தரும் திட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது. எங்கள் தெருவில் பல பெண்களின் பெயர் பட்டியலில் இல்லை. கேட்கப் போன இடத்தில், உப்பளத்தில் வேலை செய்ததற்குச் சான்று கொண்டு வா என்றார்கள். கூடையில் உப்பு சுமந்த பெண்ணுக்கு யார் சான்று தருவார்கள்? கூலிச் சீட்டு கிடையாது. வருகைப் பதிவு கிடையாது. கணக்கெல்லாம் கங்காணியின் சட்டைப்பையில். பெண்ணின் பெயரே கணக்கில் இருக்காது, இன்னார் சம்சாரம் என்றுதான் இருக்கும்.

அப்போதுதான் நோட்டை எடுத்தோம். யார், எந்த வருடம், எந்தப் பாத்தியில், யாரோடு என்பது அதில் இருந்தது. ஒருத்திக்கு இன்னொருத்தி சாட்சி. பதினொரு பெண்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் எழுதி, கூட வேலை செய்த இரண்டு பேர் கைநாட்டு வைத்து, மொத்தமாகக் கொண்டு போனோம். மூன்று முறை அலைந்தோம். பதினொன்றில் ஏழு பேரின் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார்கள். ஆயாவுடையதை வாங்கவில்லை. வயது தாண்டிவிட்டது என்றார்கள். ஐம்பது வருடத்துக்கு மேல் உப்பில் நின்ற கால், சான்று வந்த நேரத்தில் வயது தாண்டிவிட்டது. ஆயாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நின்றோம். "ஏழு பேரு சேந்தாங்க இல்ல? அப்புறம் இன்னாத்துக்கு மூஞ்ச தொங்கப் போட்டுக்கினு நிக்கறீங்க" என்று சொல்லிவிட்டு, கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சோறு போட்டது.

எங்கள் ஊரில் காகிதம் எரிவதும் உண்டு. 2013 ஏப்ரல் 25 அன்று, மாமல்லபுரத்தில் நடந்த சித்திரை முழுநிலவு விழாவுக்கு வண்டிகள் ஈ.சி.ஆர். வழியாகப் போன நாளில், மரக்காணத்தில் கலவரம் நடந்தது. கட்டையன் தெருவில் தலித் மக்களின் வீடுகள் எரிந்தன. அன்றைய கலவரத்தில் இரண்டு உயிர்கள் போயின. அதற்கு ஐந்து மாதம் முன்பு, 2012 நவம்பர் 7 அன்று, தர்மபுரி நத்தம் காலனி எரிந்தது. குடிசை எரியும்போது முதலில் போவது காகிதம். சாதிச் சான்றிதழ், மார்க் ஷீட், ரேஷன் கார்டு, ஒரே ஒரு கல்யாண போட்டோ. வீட்டுக் கதை ஒருவர் வாயில் மட்டும் இருந்தால் அவரோடு போய்விடும். ஒரு பெட்டியில் மட்டும் இருந்தால் பெட்டியோடு போய்விடும். பத்து நண்பர்களிடம் சொல்லி வைத்த கதையை எரிப்பது கஷ்டம்.

இதையெல்லாம் படித்துவிட்டு நாளைக் காலையே ஹாஸ்டலில் எல்லோரிடமும் போய்ச் சொல்லுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. சொல்வதில் ஆபத்து இருக்கிறது. 2016 ஜனவரி 17-ல் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலாவை இழந்தோம். 2019-ல் மும்பையில் மருத்துவர் பாயல் தத்வியை, 2023-ல் மும்பை ஐ.ஐ.டி.யில் தர்ஷன் சோலங்கியை இழந்தோம். வளாகங்களில் "உன் ரேங்க் என்ன?" என்ற கேள்விக்கு உள்ளே "உன் சாதி என்ன?" என்ற கேள்வி இருப்பதை நம் எல்லோருக்கும் தெரியும். அதனால் மறைத்தவர்களைக் கோழை என்று சொல்லாதீர்கள். மறைப்பதும் ஒரு நாளைக் கடத்தும் வழிதான். நாங்களும் அப்படித்தான் கடத்தினோம்.

ஆனால் யாரிடமுமே சொல்லாமல் இருப்பது வேறு. அது உள்ளேயே அரிக்கும். அதனால் எங்களுக்குள் சில வழக்கங்களை வைத்துக்கொண்டோம். சொல்ல விரும்பாதவரைச் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தக்கூடாது. நண்பர் சொன்ன வீட்டுக் கதையை அவர் அனுமதி இல்லாமல் மேடையிலோ ஸ்டேட்டஸிலோ போடக்கூடாது, நல்ல நோக்கத்துக்காக என்றாலும். சொல்பவர் அழுதால் உடனே அறிவுரை சொல்லக்கூடாது. உயிரை விட்டுவிடலாம் என்ற பேச்சு வந்தால் மட்டும் ரகசியம் என்று வைத்துக்கொள்ளாமல், அவரைத் தனியே விடாமல், நம்பிக்கையான பெரியவரையும் மருத்துவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. காயத்தை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கக்கூடாது. நம் வீடுகளில் காயம் மட்டுமா இருக்கிறது? தண்ணீர் வற்றிய பாத்தியில் கிரிக்கெட் ஆடி, பந்து சேற்றுக்குள் போய் அதைத் தேடியே ஆட்டம் முடிந்த சாயங்காலங்கள் எங்களுக்கு உண்டு. கழுவேலி ஏரிக்குப் பறவைகள் வந்து இறங்கும் மாதத்தில், எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்துச் சிரிப்பார்கள். ஒரு அப்பா பழைய டி.வி.எஸ். ஃபிஃப்டி வாங்கிய அன்று, தெருவே மாறி மாறி ஒரு ரவுண்டு போனது. பெட்ரோல் தீர்ந்து கடைசி ஆள் தள்ளிக்கொண்டு வந்தார். உப்பு வாரும் பெண்கள் விடியற்காலை நாலு மணி இருட்டில், முதலாளி வீட்டு ஆட்களைப்போலப் பேசி நடித்துச் சிரித்துக்கொண்டே நடப்பார்கள். ஈ.சி.ஆரில் காரை நிறுத்தி வெள்ளை அம்பாரத்தின் முன்னால் செல்பி எடுப்பவர்களின் படத்தில், பின்னால் சின்னதாகத் தெரியும் பெண்கள் அவர்கள்தான். அந்தச் சிரிப்பு படத்தில் வராது. நாம் சொன்னால்தான் உண்டு.

கடைசியாக, "அப்பா இறந்துட்டாரு" என்று சொன்னவளைப் பற்றி. அவள் அனுமதி தந்த பிறகுதான் இதை எழுதுகிறோம்.

அந்த இரவில் கடைசியாகப் பேசியது அவள்தான். முதல் வருடம் அவள் அப்பா திடீரென்று ஹாஸ்டலுக்கு வந்துவிட்டார். மகளுக்குப் பிடிக்கும் என்று கருவாடும், ஒரு பையில் கல்லுப்பும். வார்டனும் இரண்டு தோழிகளும் பக்கத்தில் நின்றார்கள். யார் என்று கேட்டபோது "எங்க ஊர்க்காரரு" என்று அவள் சொன்னாள். அப்பா அதைக் கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை. "ஆமாம்மா, இந்தப் பக்கமா வந்தன். உங்கப்பா குடுக்கச் சொன்னாரு" என்று பையைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவள் சொன்ன பொய்யை அவர் காப்பாற்றிக் கொடுத்தார். அந்த நாளைப் பற்றி அப்பாவும் மகளும் அதன் பிறகு பேசவே இல்லை.

அவள் திரும்பிப் போனதும் ரூம்மேட்டிடம் உண்மையைச் சொன்னாள். அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ அன்னிக்கு வந்தவரா?" என்று மட்டும் கேட்டாள். இன்னொரு தோழி மறுநாளிலிருந்து தன் தண்ணீர் பாட்டிலைத் தனியாக வைத்துக்கொண்டாள். இரண்டும் நடந்தது. இரண்டையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பொங்கலுக்கு ஊர் வந்தபோது அவள் அப்பாவோடு பாத்திக்குப் போனாள். பாத்தி மிதிக்கும் நாள். செருப்பைக் கழற்றிவிட்டு அவளும் இறங்கினாள். மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லையாம். "நைனா, படகு இழுத்தாரே ஆயாவோட அப்பா, அவர உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாளாம். அவர் மிதித்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தார். பதினொரு மணி வெயில் வரை சொன்னார். அவள் வீட்டுக்கு வந்து காலைக்கூடக் கழுவாமல் நோட்டைக் கேட்டு வாங்கி எழுதினாள். அந்தப் பக்கத்தில் சேற்றுக் கறை இன்னும் இருக்கிறது.

நோட்டில் பாதிக்குமேல் பக்கங்கள் காலியாக இருக்கின்றன. உங்கள் ஊரிலும் ஒரு நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் உங்கள் ஆயாவின் பெயரை எழுதுங்கள். இன்னார் சம்சாரம் என்று எழுதாதீர்கள், அவர் பெயரைக் கேட்டு எழுதுங்கள்.